கை வலுத்தால் எழுத்தும் வரும்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் ஒருங்கிணைப்பாளர் பேசியது)

போன கூட்டத்தில் ஓர் அம்மா அழுதாங்க: "ரெண்டாம் வகுப்பு படிக்கிறான். நாலு வரி எழுதுறதுக்குள்ள கை வலிக்குதுங்கிறான். சோம்பேறின்னு அடிச்சுட்டேன்." அவனுக்குச் சட்டைப் பொத்தான் போடவும் சிரமமாம். அது சோம்பல் இல்லைங்க, விரலில் வலு குறைவு.

அடிக்காதீங்க, வேலை கொடுங்க. தினமும் 10 நிமிடம் சப்பாத்தி மாவு பிசையட்டும், நிலக்கடலை உரிக்கட்டும், ஈரத்துணி பிழியட்டும், கொடியில் கிளிப் மாட்டட்டும். எழுதுவதற்குக் குட்டைப் பென்சில் கொடுங்க. பொத்தானை அவனே போடும்வரை பொறுத்திருங்க. சின்னக் குழந்தை கையில் மட்டும் கடலை வேண்டாம், தொண்டையில் அடைக்கும்.

ஒரு கையை எப்போதும் மடக்கியே வைத்திருந்தாலோ, முன்பு செய்ததை இப்போது செய்ய முடியாமல் போனாலோ தாமதிக்காதீங்க. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழுவிடம் காட்டுங்க. மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்புவாங்க. அங்கே பயிற்சி இலவசம்.