ஊன்றிய திருவடி

(வாலிபர் சங்க ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

நடராசப் பெருமானுடைய திருவுருவம் நமது வாழ்க்கைக்குக் கற்பிக்கும் பாடம் யாது என்பது பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தார்கள். சாத்திரங்களை முறையாகக் கற்ற பெரியோர் வீற்றிருக்கும் இச்சபையிலே, சர்வகலாசாலையில் இன்னும் மாணவராயிருக்கும் நாம் இப்பொருளைப் பேசத் துணிந்தது ஆசை பற்றியேயன்றித் தகுதி பற்றியன்று.

எம்மிற் பலர் மிஷன் பாடசாலைகளிற் பயின்றவர்கள். காலையில் வீட்டிலே திருநீறு பூசிப் புறப்பட்டு, பாடசாலை மண்டபத்திலே கிறிஸ்தவ கீதங்களைக் கேட்டு வளர்ந்தவர்கள். அங்கு நாம் பெற்ற நன்மைகள் பல. அவற்றுள் ஒன்று 'ஏன்' என்று கேட்கும் பழக்கம். "உங்கள் கடவுள் ஏன் ஆடுகிறார்? அவர் காலின்கீழ்க் கிடக்கும் குள்ளன் யார்? இரக்கமுள்ள கடவுள் ஒருவனை மிதித்துக்கொண்டு நிற்பாரா?" என்று வகுப்புத் தோழர்கள் கேட்பதுண்டு. கேலியாகக் கேட்டவர்களும் உளர். அறிய விரும்பிக் கேட்டவர்களும் உளர். யார் கேட்டாலும் அது நல்ல கேள்வியே. யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் கற்று, அங்கேயே ஆசிரியராயிருந்து, பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் உதவிய ஆறுமுக நாவலர், 1848ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். சைவப் பிள்ளைகள் தம் சமயத்தைப் பொருளறிந்து கற்கவேண்டும் என்பதே அவருடைய நோக்கம். ஆகவே, கேள்விக்கு அஞ்சுவது நமது மரபன்று.

முதலில் திருவுருவத்தைப் பார்ப்போம். பெருமானுடைய வலக்கையொன்றிலே துடி, இடக்கையொன்றிலே நெருப்பு. மற்றை வலக்கை அஞ்சாதே என்று அபயம் அளிக்கிறது. மற்றை இடக்கை வீசி, தூக்கிய திருவடியைச் சுட்டுகிறது. வலத் திருவடி முயலகன்மேல் ஊன்றியிருக்கிறது. மெய்கண்ட சாத்திரங்கள் பதினான்கினுள் ஒன்றாகிய உண்மை விளக்கம் இதற்குப் பொருள் கூறுகிறது. துடி படைத்தலையும், அமைத்த கை காத்தலையும், நெருப்பு அழித்தலையும், ஊன்றிய திருவடி மறைத்தலையும், தூக்கிய திருவடி அருளலையும் குறிக்கும் என்பது அதன் கருத்து. ஐந்தொழிலையும் ஓர் உருவத்திலே காட்டிய நம் முன்னோரின் நுட்பத்தை உலகம் இன்று வியக்கிறது. கொழும்பிலே 1877இல் பிறந்த ஆனந்தக் குமாரசுவாமி எழுதிய 'சிவ நடனம்' என்னும் ஆங்கில நூல் 1918இல் வெளிவந்து மேனாட்டாருக்கு இவ்வுருவத்தை விளக்கியது. நம் நாட்டுப் பொலநறுவையிற் கண்டெடுத்த நடராச விக்கிரகத்தைக் கொழும்பு நூதனசாலையிலே காணலாம். ஜெனீவாவுக்கு அருகிலுள்ள அணு ஆராய்ச்சி நிலையத்திலே, இந்திய அரசாங்கம் வழங்கிய நடராசர் சிலை 2004இல் நிறுவப்பட்டது. இவை நமக்கு மகிழ்ச்சி தருவன. ஆயினும், உலகம் வியக்கிறது என்று நாம் மார்தட்டிக்கொள்வோமாயின், பெருமானின் திருவடியின்கீழ் இருப்பது எதுவோ அதனையே வளர்த்தவர்களாவோம். இன்று நாம் சொல்ல விரும்புவதும் அந்தத் திருவடியின்கீழ் இருப்பதைப் பற்றியே.

முயலகன் எங்கிருந்து வந்தான்? கந்தபுராண படனத்திலே அக்கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். தாருகாவனத்து முனிவர்கள் கற்றவர்கள், ஆசாரந் தவறாதவர்கள், நாள்தோறும் வேள்வி செய்தவர்கள். தாம் செய்யும் கருமமே பயன் தரும், இறைவன் எதற்கு என்ற செருக்கு அவர்களிடம் மிகுந்தது. அச்செருக்கை அடக்க வந்த பெருமான்மீது அவர்கள் வேள்வியிலிருந்து புலியை ஏவினார்கள்; பாம்பை ஏவினார்கள்; நெருப்பை ஏவினார்கள். புலி உடையாயிற்று, பாம்பு அணியாயிற்று, நெருப்புக் கையிலே அடங்கிற்று. இறுதியில் முயலகனை ஏவினார்கள். அவனைப் பெருமான் அணியாகக் கொள்ளவில்லை, காலின்கீழ் அழுத்தினார்.

இங்கே நாம் சற்று நின்று எண்ணவேண்டும். முயலகன் கள்ளுக்கடையிற் பிறக்கவில்லை. கள்வர் கூட்டத்திற் பிறக்கவில்லை. வேள்விச் சாலையிலே பிறந்தான். படித்தவர்களும் பக்தர்களும் கூடிய இடத்திலே, ஓதும் வாயிலிருந்தும் நெய் வார்க்கும் கையிலிருந்தும் பிறந்தான். ஆதலால், "நாம் விரதம் பிடிக்கிறோம், கோயிலுக்குப் போகிறோம், பட்டம் பெறப் போகிறோம், எமக்கும் முயலகனுக்கும் என்ன சம்பந்தம்?" என்று எவரும் கூறமுடியாது. அவன் பிறப்பதற்கு ஏற்ற இடம் நம்மைப் போன்றவர்கள் கூடும் சபைதான்.

முயலகனை ஆணவத்தின் வடிவம் என்று பெரியோர் கூறுவர். ஆணவத்தைச் செம்பிற் களிம்புக்கு ஒப்பிடுவது சித்தாந்த மரபு. களிம்பு வெளியிலிருந்து வந்து ஒட்டியதன்று. செம்பு உள்ள அன்றே உள்ளது. அம்மா புளியிட்டு விளக்கி வைத்த செம்பு சில நாளிலே மறுபடியும் களிம்பேறுவதை நாம் வீட்டிலே காண்கிறோம். முத்தியிலுங்கூட ஆணவம் இல்லாமற் போவதில்லை, அதன் வலி அடங்கிக் கிடக்கும் என்பதே சித்தாந்தம். திருவுருவமும் அதனையே காட்டுகிறது. முயலகன் சாகவில்லை, தலையைத் தூக்கிக்கொண்டு கிடக்கிறான். திருவடியை எடுத்தால் எழுந்துவிடுவான். ஆகவே ஆணவத்தை ஒருநாள் வென்று விட்டோம் என்று விழாக் கொண்டாடுவதற்கில்லை. அன்றாடம் அழுத்திக்கொண்டே இருக்கவேண்டும். இரக்கமுள்ள கடவுள் மிதிப்பாரா என்று தோழன் கேட்டதற்கு இதுவே விடை. அவர் மிதிப்பது மனிதனையன்று, மனிதனைக் குருடாக்கும் செருக்கையே.

இவ்விடத்திலே பெரியோர்களுடைய மன்னிப்பை முன்கூட்டியே வேண்டிக்கொண்டு ஒன்று கூறுகின்றோம். திருவடியின்கீழ் இருக்கவேண்டியது ஆணவம். நாமோ பலகாலம் அந்த இடத்திலே மனிதரை வைத்திருந்தோம். ஒருசாராரைக் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தினோம். 1957ஆம் ஆண்டிலே சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்த பின்னரும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள்ளே சென்று வழிபடும் உரிமைக்காக மக்கள் போராட வேண்டியிருந்தது. அன்று வாசலில் நின்றவர்களும் திருநீறு பூசியவர்களே. அவர்கள் கேட்டதும் நிலமன்று, பொருளன்று, சுவாமி தரிசனம்.

திருநாளைப்போவாரை நினைத்துப் பாருங்கள். ஆதனூரிலே பிறந்த அந்த அடியார், கோயில்களின் பேரிகைக்குத் தோலும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுத்துவந்தார் என்று பெரியபுராணம் கூறுகிறது. அவர் கொடுத்த தோலின் ஒலி கோயிலுக்குள்ளே கேட்டது. அவர் வெளியிலே நின்றார். திருப்புன்கூரிலே நந்தி விலகி அவருக்குக் காட்சி கிடைத்தது. அவரைத் தில்லையிலே தம்முடன் சேர்த்துக்கொண்டவர் ஆடும் பெருமானே. இன்று அறுபத்துமூவருள் ஒருவராக அவரை நாம் கும்பிடுகின்றோம். விக்கிரகமாக அவரை உள்ளே வைத்துப் பூசித்துக்கொண்டு, அவரைப் போன்றவர்களுடைய பிள்ளைகளை வெளியே நிறுத்திய நாட்கள் நம் தேசத்திலே இருந்தன. கதவு பல இடங்களிலே திறந்துவிட்டது. நெஞ்சு திறந்துவிட்டதா என்பதே கேள்வி. திருவிழா உபயம் பகிரும்போதும், தேர்வடம் பிடிக்கும்போதும், அன்னதானப் பந்தியிலே இலை போடும்போதும், கலியாணம் பேசும்போதும் முயலகன் தலை தூக்குவதை நாம் எல்லோரும் அறிவோம்.

வாலிபர்களாகிய நமக்கும் இது பொருந்தும். பரீட்சையிலே சித்தியடைந்தவன், சித்தியடையாத தோழனைக் காணாததுபோல நடக்கிறான். கொழும்பிலோ வெளிநாட்டிலோ உத்தியோகம் பெற்றவன், தகப்பனுடைய தோட்டத்துச் சேற்றைக் கண்டு கூசுகிறான். சங்கத்திலே செயலாளர் பதவி கிடைக்கவில்லையென்று ஒருவர் சங்கத்தையே விட்டு விலகுகிறார். காளாஞ்சி யாருக்கு முதலில் என்பதிலே தொடங்கிய பிணக்கு, கோயில் வழக்காகி நீதிமன்றத்திலே வருடக்கணக்காக இழுபடுகிறது. இவையெல்லாம் வேள்விச் சாலையிலே பிறந்த முயலகர்களே.

முயலகனை அழுத்தினாலன்றி மற்றைத் தொழில்கள் நடைபெறா. ஆடுகின்றவருக்கு நிற்க ஓரிடம் வேண்டுமல்லவா? அந்த ஊன்றிய கால் உறுதியாக நின்றால்தான் மற்றைக் கால் தூக்க முடியும். செருக்கு அடங்கிய நெஞ்சிலேதான் துடியின் ஒலி கேட்கும். புதிய நற்கருமம் தொடங்கும். நெருப்பைக் கையிலேந்தும் துணிவு வரும். பிறரை வருத்தும் பழைய வழக்கத்தை எரித்துவிடலாம். நமது கை அபயக் கையாகும். மெலியவன் நம்மைக் கண்டு அஞ்சமாட்டான். பின்னர்த்தான் விழுந்தவனைத் தூக்கிவிடும் தகுதி நமக்கு வரும். செருக்கோடு செய்யும் உதவி, வாங்குபவனைக் கூனச்செய்யும். செருக்கின்றிச் செய்யும் உதவியோ அவனை நிமிரச்செய்யும்.

அன்பர்களே, மார்கழி மாதத்துத் திருவாதிரை நடராசப் பெருமானுக்குரிய பெருநாள். காரைநகர் ஈழத்துச் சிதம்பரத்திலே அந்நாளிலே அடியார் திரள்வதை நீங்கள் அறிவீர்கள். அதற்கு முன்வரும் திருவெம்பாவைக் காலத்திலே, விடியுமுன் சங்கும் சேமக்கலமும் ஒலிக்க வாலிபர்கள் வீதிவலம் வருவது நம் ஊர் வழக்கம். இச்சங்கத்து வாலிபர்களிடம் ஒரு விண்ணப்பம் செய்துகொள்கின்றோம். அடுத்த திருவெம்பாவையிலே நமது சங்கொலி எந்த ஒழுங்கையையும் தவிர்க்காமற் செல்லட்டும். இதுவரை திரும்பாத மூலையிலும் திரும்புவோம். அங்குள்ள பிள்ளையின் கையிலும் சேமக்கலத்தைக் கொடுப்போம். அவன் வீட்டுத் தாயார் தரும் தேநீரை வாங்கி மகிழ்ந்து பருகுவோம். பெரியோர்கள் முன்னே நடந்து வழிகாட்டினால் நாம் பின்னே வருவோம். அவர்கள் உடல் தளர்ந்திருந்தால் வாசலில் நின்று வாழ்த்தி அனுப்பட்டும்.

ஆடும் பெருமானின் ஊன்றிய திருவடி நம் நெஞ்சிலும் ஊன்றுவதாக.