கிளட்ச் போச்சுன்னு சொன்னா உடனே தீர்மானம் போடாதீங்க!

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில், சிற்றுண்டி வேன் ஓட்டும் உறுப்பினர் ஒருவர் பேசியதிலிருந்து)



நம்ம குழுக்களில் சிலர் பழைய ஆம்னி வேன் வாங்கி டிபன் கடை, காய்கறி வியாபாரம் நடத்துறோம். 2019-லேயே ஆம்னி தயாரிப்பை நிறுத்திட்டாங்க. அதனால நம்மகிட்ட இருக்கிறது எல்லாமே வயசான வண்டிதான். இந்த வண்டிக்கு அடிக்கடி வர்ற சீக்கு கிளட்ச். "கிளட்ச் செட் முழுசா மாத்தணும்"னு பட்டறையில் சொன்னதும் நாம உள்கடனுக்கு ஓடுறோம். அதுக்கு முன்னாடி நாமே கொஞ்சம் பார்க்கலாம்.

கிளட்சுக்கு வர்ற கோளாறு முக்கியமா ரெண்டு. ஒண்ணு, பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்காது. இன்னொண்ணு, பிரிய வேண்டிய நேரத்தில் பிரியாது. ரெண்டும் நேர் எதிர். இதைக் குழப்பிக்கிட்டா காசு வீண்.

பிடிக்கலைன்னா எப்படித் தெரியும்? பாரம் ஏத்திக்கிட்டு மேடு ஏறும்போது ஆக்ஸிலேட்டரை மிதிச்சா இன்ஜின் மட்டும் கத்தும், வண்டி நகராது. தீய்ஞ்ச வாடை வரும். இதைச் சோதிக்க, சமதரையில் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வச்சு, ஹேண்ட் பிரேக்கை நல்லா இழுத்துக்குங்க. வண்டிக்கு முன்னால யாரும் நிக்கக் கூடாது, முக்கியமா குழந்தைகள். மூணாவது கியர் போட்டு, லேசா ஆக்ஸிலேட்டர் கொடுத்து, கிளட்சை மெதுவா விடுங்க. இன்ஜின் திணறி அணையணும். அணையாம ஓடிக்கிட்டே இருந்தா கிளட்ச் வழுக்குது. ஒரு தடவை பார்த்தாப் போதும். திரும்பத் திரும்பச் செய்தா நல்ல பிளேட்டும் தீய்ஞ்சு போகும்.

பிரியலைன்னா, வண்டி ஓடும்போது கியர் விழாது. ரிவர்ஸ் போட்டா கரகரன்னு சத்தம் வரும். இன்ஜினை நிறுத்திட்டு எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்க. நிறுத்தினா லேசா விழுது, ஸ்டார்ட் பண்ணினா விழ மாட்டேங்குதுன்னா பெரும்பாலும் கோளாறு கிளட்சில்தான். பாவம், கியர் பாக்ஸ் மேல பழி போடாதீங்க.

அடுத்து பெடலைக் கையால அமுக்கிப் பாருங்க. முதலில் கொஞ்ச தூரம் சும்மா இறங்கும், அப்புறம்தான் கனக்கும். அந்தச் சும்மா இறங்குற தூரத்தை மெக்கானிக்குகள் 'ப்ளே'ன்னு சொல்வாங்க. எவ்வளவு இருக்கணும்னு வண்டிப் புத்தகத்தில் இருக்கும். ப்ளேயே இல்லைன்னா கிளட்ச் வழுக்கும். அதிகமா இருந்தா பிரியாது. பிளேட் தேயத் தேய ப்ளே தானே குறையும். ஆம்னியில் கேபிள் முனையில் இருக்கிற நட்டைத் திருப்பினா இது சரியாகும்; பட்டறையில் சின்ன வேலை. கேபிளில் நரம்பு நரம்பா இழை அறுந்திருக்கான்னும் பார்க்கச் சொல்லுங்க.

போன வருஷம் ஒரு குழுவோட வண்டிக்கு ரிவர்ஸ் விழலைன்னு முழு செட்டுக்கு விலை சொல்லியிருந்தாங்க. கேபிளைப் பார்த்தா பாதி இழை அறுந்து கிடந்தது. புதுக் கேபிள் போட்டதும் கியர் விழுந்துடுச்சு. செட்டுக்கு வச்சிருந்த கடன் மனுவை அவங்களே கிழிச்சுப் போட்டாங்க.

சில வேன்களில் கேபிளுக்குப் பதிலா ஆயில் இருக்கும். அதில் பெடலை நாலைஞ்சு தடவை வேகமா மிதிச்ச பிறகு கியர் விழுந்தா, ஆயில் கசியுது இல்லைன்னா உள்ளே காற்று புகுந்திருக்கு. டப்பாவில் அளவு பாருங்க.

ப்ளே சரியா இருந்தும் மேட்டில் வழுக்குதா? அப்ப கியர் பாக்ஸை இறக்கித்தான் ஆகணும், தப்பிக்க வழியில்லை. இறக்குற கூலியே பெரிசு. அதனால பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூணையும் சேர்த்தே மாத்துறது நல்லது. பிளேட்டில் ஆயில் படிஞ்சிருக்கான்னு பக்கத்தில் நின்னு பாருங்க. படிஞ்சிருந்தா கசியுற ஆயில் சீலையும் மாத்தணும். இல்லைன்னா புதுப் பிளேட்டும் கெட்டுடும். கழட்டின பழைய சாமானைக் கேட்டு வாங்கி, பில்லோட குழுக் கூட்டத்தில் வையுங்க.

ஓட்டுற சகோதரிகளுக்கு ஒண்ணு: இடது காலைப் பெடல் மேலேயே வச்சு ஓட்டாதீங்க. மேட்டில் நிக்கும்போது பிரேக்கில் நிறுத்துங்க, பாதிக் கிளட்சில் நிறுத்தாதீங்க.

என் வண்டி வெளியே வேப்பமரத்தடியில் நிக்குது. டீ குடிச்சிட்டு வாங்க, ஆளுக்கு ஒரு தடவை அந்தப் பெடலை அமுக்கிப் பார்த்துட்டுப் போகலாம்.