மாறுவேடமும் மனச்சான்றும்

 

நாம் குடியேறி வாழும் இச்சத்தியவேடு, 1960-ஆம் ஆண்டு எல்லைச் சீரமைப்பில் செங்கற்பட்டு மாவட்டத்தினின்றும் சித்தூர் மாவட்டத்துக்குச் சென்றது; 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. மாவட்டம் மாறினும், நம் வீடுகளில் தமிழ்க் கதை படிக்கும் வழக்கம் மாறவில்லை. அக்கதைகளுள் இளைஞர் பெரிதும் விரும்புவது, காதலும் மர்மமும் கலந்த துப்பறியும் நாவல். வேடம் மாறிச் செல்லும் காவல் அதிகாரி, அவரை நம்பி மனத்தைக் கொடுக்கும் ஒரு பெண் என்று இன்று பல நாவல்கள் வருகின்றன. இவற்றைப் படிக்கலாமா என்று பெற்றோர் சிலர் கேட்கின்றனர். அதுகுறித்துச் சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

ஒற்றறிதல் நமக்குப் புதிதன்று. வள்ளுவர் ‘ஒற்றாடல்’ என்று ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். ஒற்றன் துறவிக் கோலத்திலும் செல்லலாம் என்பது அவர் கருத்து. ஆயினும், ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை வேறோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்றும் விதிக்கிறார். வேடத்திற்கு அனுமதி தந்தவர், அதற்கு ஒரு காவலும் வைத்தார்.

1908-இல் வெளிவந்த ஜே. ஆர். ரங்கராஜுவின் ‘இராஜாம்பாள்’ காதலும் மர்மமும் பிணைந்த நாவல். காதலியைக் கொன்றதாகக் காதலன் மீது பழி விழுகிறது. துப்பறியும் கோவிந்தன் உண்மையை வெளிப்படுத்திப் பழியைத் துடைக்கிறார். வடுவூர் துரைசாமி ஐயங்கார் படைத்த திகம்பர சாமியாரோ மாறுவேடத்தில் மன்னர். 1950-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் அக்கதையைப் படமாக்கியபோது, எம். என். நம்பியார் சாமியாராகத் தோன்றிப் பற்பல வேடங்கள் புனைந்து மக்களை வியக்க வைத்தார். இவ்விரு துப்பறிவோரும் தீயோரை மடக்கவே சூழ்ச்சி செய்கின்றனர். அல்லலுறும் பெண்ணுக்குத் துணை நிற்கின்றனர். அவள் அன்பையே கருவியாக்கித் துப்பறிவதில்லை.

இது கதைக்கு மட்டும் உரிய அறமா என்று கேட்கலாம். இங்கிலாந்தில் நடந்ததைக் கேளுங்கள். 1968-இல் லண்டன் காவல்துறை, கிளர்ச்சி இயக்கங்களை வேவு பார்க்க ஓர் இரகசியப் பிரிவை அமைத்தது. அதன் அதிகாரிகள் பலர், இறந்துபோன குழந்தைகளின் பெயர்களைத் தம் பெயராகச் சூடிக்கொண்டனர். சிலர் பெண்களிடம் காதல் கூறி ஆண்டுக்கணக்கில் கூடி வாழ்ந்தனர். பணி முடிந்ததும் சொல்லாமல் மறைந்தனர். 2010-க்குப் பின்னரே இவ்வுண்மைகள் பரவலாக வெளிவந்தன. 2015 நவம்பரில் காவல்துறை, வழக்குத் தொடுத்த 7 பெண்களிடம் மன்னிப்புக் கோரியது. நடந்தது மனித உரிமை மீறல் என்றும், காவல் அதிகாரத்தை முறைகேடாகப் பயன்படுத்தியது என்றும் ஒப்புக்கொண்டது. தான் கணவனாகக் கருதியவன் பெயர்கூடப் பொய் என்று அறிந்த பெண்ணுக்கு அம்மன்னிப்பு எம்மட்டும் ஆறுதல் தரும்?

நான் ரயில்வேயில் எழுத்தர். பார்சலின் மேல் ஒட்டிய சீட்டில் ஒரு பொருளும் உள்ளே வேறொரு பொருளும் இருந்தால் அதனை மோசடி என்கிறோம். மனித உள்ளத்தை அவ்வாறு ஒப்படைப்பது அதனினும் பெருங்குற்றமல்லவா?

ஆகவே பெற்றோர்களே, துப்பறியும் நாவலைப் பிள்ளைகளின் கையினின்றும் பிடுங்காதீர்கள். அதனாலும் தமிழ் வளரும். படித்து முடித்தபின் அவர்களிடம் ஒன்று கேளுங்கள்: “அந்த அதிகாரி தம் உண்மைப் பெயரை அவளிடம் எப்போது சொன்னார்? அவள் மனத்தைக் கொடுப்பதற்கு முன்னா, பின்னா?” முன் சொன்னவனே காதலன். பின் சொன்னவன் எத்தனை கள்வரைப் பிடித்திருப்பினும், அவளிடம் தானும் ஒரு கள்வனே. இவ்வேறுபாட்டை நம் பெண்களும் பிள்ளைகளும் உணர்ந்து படிப்பார்களாயின், அந்நாவல் பொழுதுபோக்கோடு நில்லாது வாழ்க்கைக்கும் துணையாகும்.