நாம் இல்லாத இடத்தில் நமக்காகப் பேசும் எழுத்து

(நமது ஜமாஅத்தின் ஆண்டு விழாவையொட்டி நடைபெற்ற கல்விப் பரிசளிப்பு அமர்வில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

   

‘டிஜிட்டல் யுகத்தில் எழுத்தாற்றல்’ என்னும் தலைப்பு நமக்குத் தரப்பட்டுள்ளது. கைப்பேசியில் பேசினாலே கடல் கடந்து செய்தி போய்ச் சேர்கின்ற காலத்தில் எழுத்தாற்றல் எதற்கு என்ற கேள்வி சிலர் உள்ளத்தில் எழக்கூடும். நம் அன்றாட வாழ்வைச் சற்று எண்ணிப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும்.

நம் பாட்டனார் காலத்தில் எழுதுவது ஒரு சிலரின் வேலையாக இருந்தது. கடையில் கணக்குப்பிள்ளை எழுதினார். பத்திர எழுத்தர் பத்திரம் எழுதினார். சபுராளிகளாகச் சென்றவர்களின் வீடுகளுக்கு எழுதத் தெரிந்த ஒருவர் வந்து கடிதம் எழுதிக் கொடுத்தார். இன்றோ சிறுவர் முதல் முதியோர் வரை அனைவரும் நாள்தோறும் எழுதுகிறோம். வேலைக்கு விண்ணப்பம், வங்கிக்கு மின்னஞ்சல், அரசு இணையத்தளத்தில் மனு, ஜமாஅத் வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பு என யாவும் எழுத்தாகவே நடைபெறுகின்றன.

அன்று கடிதத்தைப் படித்தவர் நம்மை அறிந்தவர். வாசகம் குறைவாக இருந்தாலும் உள்ளத்தை உணர்ந்து கொண்டார். இன்று நம் எழுத்தைப் படிப்பவர் நம் முகத்தையே கண்டறியாத ஓர் அதிகாரி. வேறு நாட்டிலுள்ள ஒரு முதலாளி. பல வேளைகளில் ஒரு கணினி. நாம் இல்லாத இடத்தில் நமக்காகப் பேசுவது நம் எழுத்து ஒன்றே. அது தடுமாறினால் நம் உரிமையும் சேர்ந்தே தடுமாறுகிறது.

முன்னோர் காட்டிய கவனம்

எழுத்தைப் பேணுவது நமக்குப் புதிதன்று. தமிழகத்திலும் இலங்கையிலும் வாழ்ந்த நம் முன்னோர் அரபு எழுத்தில் தமிழை எழுதினர். அதனை ‘அரபுத் தமிழ்’ என்கிறோம். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளை அவர்கள் கைவிடவில்லை. அவற்றுக்கெனப் புள்ளிகளும் குறிகளும் சேர்த்துத் தனி எழுத்துகளை உண்டாக்கிக் கொண்டனர். அச்சுக்கூடங்கள் வந்தபோதும் அவர்கள் பின்தங்கவில்லை. 1882 இல் இலங்கையில் அறிஞர் சித்திலெப்பை ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கினார். 1887 இல் சிங்கப்பூரில் மகுதூம் சாயபு ‘சிங்கை நேசன்’ இதழை நடத்தினார்.

இன்று நம் பிள்ளைகள் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுகின்றனர். எழுத்து மாறியது குற்றமன்று. முன்னோரும் வேறு எழுத்தில் எழுதியவர்களே. ஆனால் அவர்கள் ஒவ்வோர் ஒலிக்கும் ஓர் அடையாளம் வைத்தனர். நாமோ லகரம், ளகரம், ழகரம் ஆகிய மூன்றையும் ஒன்றாக்கி, படிப்பவரே ஊகித்துக் கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறோம்.

ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழாக மாற்றும் முறையிலும் இதே இடர் உண்டு. ‘மணமகன்’ என்பது ‘மனமகன்’ ஆகிறது. ‘வருகை தருமாறு கேட்டுக் கொள்கிறோம்’ என்று எழுத வேண்டிய அழைப்பிதழில் ‘கேட்டுக் கொல்கிறோம்’ என்று வந்தால் விருந்தினர் எந்தத் துணிவில் வருவார்? ஓர் ஒற்றெழுத்தும் பொருளை மாற்றவல்லது. ‘வேலை கொடுத்தான்’ என்றால் பணி கொடுத்தான் என்று பொருள். ‘வேலைக் கொடுத்தான்’ என்றால் வேல் என்னும் ஆயுதத்தைக் கொடுத்தான் என்று பொருள். அனுப்பும் முன் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தாலே பாதிப் பிழைகள் கண்ணில் பட்டுவிடும்.

பெயரும் ஓர் எழுத்தே

நம் சமுதாயத்தில் பலருக்கும் தொல்லை தருவது பெயர் எழுதும் முறை. முஹம்மது, முகம்மது, முகமது என்று தமிழிலேயே பலவாறு எழுதுகிறோம். ஆங்கிலத்தில் ஒருவர் ‘ஓ’ இடுகிறார். ஒருவர் ‘யூ’ இடுகிறார். சிலர் ‘எம்’ எழுத்தை ஒருமுறையும் சிலர் இருமுறையும் எழுதுகின்றனர். ஊரார் அனைவரையும் ஒருவராகவே அறிவர். கணினியோ எழுத்து வேறுபட்டால் ஆளும் வேறு என்றே கொள்ளக்கூடும். பள்ளிச் சான்றிதழில் ஒருவிதம், ஆதாரில் வேறுவிதம், கடவுச்சீட்டில் மற்றொரு விதம் என்றிருந்தால் வெளிநாட்டு வேலையும் வாரிசுச் சான்றும் தடைப்பட நேரிடுகிறது.

ஆகவே குழந்தைக்குப் பெயர் சூட்டும் நாளிலேயே அதன் தமிழ் எழுத்தையும் ஆங்கில எழுத்தையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பிறப்புச் சான்றிதழ் முதல் நிக்காஹ் பதிவேடு வரை அதனையே மாறாமல் பின்பற்ற வேண்டும். இதற்குச் செலவு ஏதுமில்லை. கவனம் ஒன்றே தேவை.

கேட்கும் முறை

திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடைபெறுகிறது. அங்கே ஏராளமான மனுக்கள் குவிகின்றன. நம் மனு இரண்டு பக்கம் வரலாறு கூறி, இறுதி வரியில் கோரிக்கையைச் சொன்னால், படிப்பவர் அந்த வரியை அடைவாரா என்பது ஐயமே. கோரிக்கையை முதலில் வைக்க வேண்டும். இடம், தேதி, சர்வே எண், முன்பு கொடுத்த மனுவின் எண் ஆகியவை அதன்பின் வர வேண்டும். வருத்தத்தையும் சினத்தையும் குறைத்து விவரத்தைக் கூட்ட வேண்டும்.

2005 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதற்கு நல்ல பயிற்சிக் களம். பத்து ரூபாய்க் கட்டணத்தில் எவரும் தகவல் கேட்கலாம். பொதுவாக 30 நாட்களுக்குள் பதில் தரப்பட வேண்டும். ஆயினும் அச்சட்டம் அலுவலகத்தில் உள்ள ஆவணங்களைப் பெறவே வழி செய்கிறது. விளக்கம் கேட்பதற்கு அன்று. ‘எங்கள் தெருவுக்கு ஏன் சாலை போடவில்லை?’ என்று கேட்டால் பயனுள்ள பதில் வருவது அரிது. ‘இன்ன தெருவின் சாலைப் பணிக்கு 2023-24 நிதியாண்டில் ஒதுக்கப்பட்ட தொகை எவ்வளவு? அதற்கான பணி ஆணையின் நகல் தருக’ என்று கேட்டால் ஆவணம் கிடைக்க வழியுண்டு. குறை ஒன்றே, எழுதிய முறையால் விளைவு வேறாகிறது. மத்திய அரசின் 2012 ஆம் ஆண்டு விதிகளின்படி அத்தகைய விண்ணப்பம் சாதாரணமாக 500 சொற்களுக்கு மேற்படலாகாது. சுருங்க எழுதும் ஆற்றலுக்கு இங்கே சட்டமே இடமளித்துள்ளது.

தேதியற்ற செய்தி

‘நாளை அசருக்குப் பின் நல்லடக்கம்’ என்று ஒரு வஃபாத் செய்தி வருகிறது. அது மறுநாளும் பல குழுக்களில் சுற்றுகிறது. எந்த நாளை? ‘அவசரம், இரத்தம் தேவை’ என்று தேதியின்றி எழுதிய வேண்டுகோள், நோயாளி குணமடைந்து வீடு திரும்பிய பின்னும் அலைந்துகொண்டே இருக்கிறது. உதவ முன்வந்தவர் வீணாக அலைக்கழிகிறார். பெயர், தகப்பனார் பெயர், தெரு, தேதி, நேரம், அறிவிப்பவர் யார் என்னும் ஆறும் இல்லாத அறிவிப்பை நாம் எழுதவும் கூடாது, அனுப்பவும் கூடாது.

இதனைச் சிறு விஷயமாக எண்ண வேண்டாம். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்குக் காரில் சென்ற ஒரு குடும்பத்தினர் வழி கேட்பதற்காக இறங்கினர். அங்கிருந்த குழந்தைகளுக்கு இனிப்பு கொடுத்தனர். பிள்ளை பிடிப்போர் வந்துள்ளதாகக் கைப்பேசிகளில் பரவியிருந்த வதந்தியை நம்பிய கூட்டம் அவர்களைத் தாக்கியது. 65 வயது மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார். அந்த ஆண்டு நாட்டின் பிற இடங்களிலும் இத்தகைய கொலைகள் நிகழ்ந்தபின், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. எங்கே, எப்போது, யார் கண்டது என்று கேட்கப் பழகிய உள்ளத்தில் இத்தகைய வதந்தி எளிதில் நிலைக்காது. நன்றாக எழுதக் கற்பவர் நன்றாகப் படிக்கவும் கற்கிறார்.

இயந்திரம் எழுதித் தருமே?

செயற்கை நுண்ணறிவு நொடியில் எழுதித் தருகிறது, நாம் ஏன் வருந்திக் கற்க வேண்டும் என்று மாணவர்கள் கேட்கலாம். அதன் உதவியை நாம் மறுக்கவில்லை. எனினும் 2023 ஜூன் மாதம் நியூயார்க் நகர ஃபெடரல் நீதிமன்றம், சாட்ஜிபிடி இட்டுக்கட்டிய, உண்மையில் இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டி மனுத் தாக்கல் செய்தமைக்காக வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தது. மொழி அழகாகத்தான் இருந்தது, உண்மை இல்லை. எழுதியது இயந்திரம், பொறுப்பேற்க நேர்ந்தது மனிதர். சரி எது, பிழை எது என்று பார்க்கும் அறிவு நம்மிடம் இல்லையெனில் அந்தக் கருவி நமக்குக் காவலாகாது.

நம் கடமை

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வது பற்றியது என்பதை நாம் அறிவோம். எழுதுபவர் நீதியுடன் எழுத வேண்டும் என்றும், எழுதத் தெரிந்தவர் எழுத மறுக்கலாகாது என்றும் அது அறிவுறுத்துகிறது. எழுத்தாற்றல் அதனைப் பெற்றவரின் தனிச் சொத்தன்று. அறியாதவருக்காகவும் அவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

ஆதலின் ஒரு வேண்டுகோளை இந்த அவையின் முன் வைக்கிறோம். வாரத்தில் ஒரு நாள், மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட நேரத்தில், நம் ஜமாஅத் அலுவலகத்தில் கல்லூரி மாணவர் இருவர் அமரட்டும். முதியோர் உதவித்தொகைக்கு அலையும் தாய்மார்களுக்கும், பெயர்த் திருத்தத்திற்கு வழி தெரியாத பெரியவர்களுக்கும் மனு எழுதிக் கொடுக்கட்டும். எழுதியதை அவர்களுக்கே படித்துக் காட்டி, அவர்கள் சொன்னது அதில் உள்ளதா என்று கேட்டபின் அனுப்பட்டும். அந்த மாணவர்களுக்கு அதைவிடச் சிறந்த எழுத்துப் பயிற்சி வேறில்லை. அந்தத் தாய்மார்களுக்கு அதைவிடப் பெரிய உதவியும் வேறில்லை.

இன்று பரிசு பெறும் செல்வங்கள் நாளை இப்பணியில் முன்நிற்க வேண்டும். உண்மையை எழுதவும், தெளிவாக எழுதவும், பிறருக்காக எழுதவும் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.