தோட்டத்து நாயின் இரத்தத்தில் புழு



பருத்திக்கும் மரவள்ளிக்கும் யோசனை சொல்ல வருகிறவர் இன்றைக்கு நாயைப் பற்றிப் பேசுகிறாரே என்று நினைக்க வேண்டாம். ராத்திரியில் ஆட்டுப்பட்டியைக் காப்பது அதுதானே.

மல்லசமுத்திரம் பக்கத்து விவசாயி ஒருவர் கேட்ட கேள்வி இது. அவருடைய மச்சான் போர்வெல் ரிக் வண்டியில் வேலை செய்கிறவர். அஸ்ஸாமில் வண்டி நின்ற இடத்தில் சோறு போட, ஒரு நாய் ஒட்டிக்கொண்டது. ஊருக்கே ஏற்றி வந்துவிட்டார். இவர் அதை வாங்கி வளர்க்கிறார். இரண்டு வருஷமாக நல்ல காவல். இப்போது இருமுகிறது, கொஞ்சம் ஓடினாலும் இளைத்துப்போய்ப் படுத்துக்கொள்கிறது. இரத்தம் எடுத்துப் பார்த்த இடத்தில், "புழு இருக்கிறது, இதயப்புழுவாக இருக்கலாம்" என்று சொல்லிவிட்டார்கள். "வீட்டில் சின்னக் குழந்தை இருக்குதுங்க, நாயை எங்காவது கொண்டுபோய் விட்டுடலாமுங்களா?" என்கிறார்.

விட வேண்டாம். இது தொட்டால் ஒட்டுகிற நோய் அல்ல. எச்சிலிலும் சாணத்திலும் பரவாது. இது யானைக்கால் நோயின் புழுவுக்குப் பங்காளி. பரப்புவது கொசு. நோயுள்ள நாயைக் கடித்த கொசுவின் உடம்புக்குள் குட்டிப்புழு இரண்டு வாரம்போல வளர்கிறது. அந்தக் கொசு அடுத்த நாயைக் கடிக்கும்போது உள்ளே இறங்குகிறது. ஆறேழு மாதத்தில் பெரிய புழுவாகி, நுரையீரலுக்குப் போகும் இரத்தக் குழாயிலும் இதயத்தின் வலப்பக்கத்திலும் குடியிருக்கும். பெண்புழு ஏறக்குறைய ஒரு அடி நீளம், நூல்கண்டு போல இருக்கும். ஐந்து முதல் ஏழு வருஷம்வரை உயிரோடு இருக்கும். ஆகவே நோய் இங்கே பிடித்ததா, வந்த ஊரிலேயே பிடித்ததா என்று வீட்டுக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இரத்தத் துளியைப் பூதக்கண்ணாடியில் வைத்தால் நெளிகிற குட்டிப்புழு தெரியும். அது தெரிந்துவிட்டால் இதயப்புழு என்று அர்த்தமில்லை. நாயின் இரத்தத்தில் அப்படி நெளிகிற புழு பல ஜாதி. இதயப்புழு நம் நாட்டில் வடகிழக்குப் பக்கம்தான் அதிகம். தெற்கே பெரும்பாலும் பார்ப்பது தோலுக்கு அடியில் குடியிருக்கும் இன்னொரு புழு. அது சொறி, கட்டி என்று தொல்லை தரும், ஆனால் நாயின் இதயத்தை அடைக்காது. தெள்ளுப்பூச்சியால் வருகிற மூன்றாவது ஜாதியும் உண்டு; அதனால் பெரிய சேதம் இல்லை. குட்டிப்புழுவை வைத்து எந்த ஜாதி என்று பிரித்தறியத் தனிப் பரிசோதனை இருக்கிறது. இதயப்புழுவின் பெண்புழு விடும் பொருளை மட்டும் கண்டுபிடிக்கும் கிட்டும் உண்டு. "எந்தப் புழு என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். நம்மூரிலேயே பிறந்து வளர்ந்த நாய்க்கு ஒரு சந்தேகம், அஸ்ஸாமிலிருந்து வந்த நாய்க்கு வேறு சந்தேகம். ஆகவே அது எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

அந்தத் தோலடிப் புழு கொசு மூலமாக எப்போதாவது மனிதருக்கும் வருவது உண்டு. கேரளத்தில் கண்ணிலிருந்து எடுத்த கதையும் இருக்கிறது. அதற்கும் நாயை விரட்டுவது வைத்தியம் அல்ல. குழந்தைக்குக் கொசுவலை கட்டுங்கள்.

அடுத்து, நம்மாட்கள் செய்கிற ஒரு காரியம். ஆட்டுக்குப் போடுகிற ஐவர்மெக்டின் ஊசி மருந்து வீட்டில் மீதி இருக்கும். "இதுவும் புழுதானே" என்று நாய்க்கு ஒரு மில்லி ஏற்றிவிடுவார்கள். அருமையான மருந்துதான். மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியிலிருந்து கிடைத்தது, கண்டுபிடித்தவர்களுக்கு 2015-இல் நோபல் பரிசே கொடுத்தார்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு சதவிகித ஊசி மருந்தில் 1 மில்லியில் 10 மில்லிகிராம் இருக்கிறது. 20 கிலோ நாய்க்கு இதயப்புழு வராமல் தடுக்க மாதம் ஒருமுறை தருகிற அளவு 0.12 மில்லிகிராம்தான். எண்பது மடங்குக்கு மேல் போய்விடுகிறது! இரத்தம் நிறையக் குட்டிப்புழு இருக்கிற நாயில் அவ்வளவும் ஒரே நேரத்தில் செத்தால், நாய் அதிர்ச்சியில் சுருண்டு விழலாம். அதனால் டாக்டர் சொல்லாமல் ஊசியைத் தொடவே வேண்டாம்.

சரி, இதயப்புழு என்றே முடிவானால்? பெரிய புழுவைக் கொல்ல மெலார்சோமின் என்று ஆர்செனிக் சேர்ந்த ஊசி உண்டு. அது எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. கிடைக்காதபோது டாக்ஸிசைக்ளின் மாத்திரையை நாலு வாரம் கொடுத்து, கூடவே மாதாமாதம் தடுப்பு மருந்தும் தந்து மெல்ல மெல்லப் புழுவைத் தேய்ப்பார்கள். அது ஒரு வருஷத்துக்கு மேலும் பிடிக்கும். பாதியில் விட்டால் கொடுத்ததும் வீண்.

எந்த வழியானாலும் நாய்க்கு ஓய்வு மருந்துக்குச் சமம். செத்த புழு துண்டு துண்டாகி நுரையீரல் குழாயில் போய் அடைக்கும். அந்த நேரத்தில் நாய் ஓடினால் உயிருக்கே ஆபத்து. பைக்குக்குப் பின்னால் ஓடுகிற நாய், கோழியைத் துரத்துகிற நாய், எதுவானாலும் கட்டித்தான் வைக்க வேண்டும். ஊசி முறை என்றால் கடைசி ஊசிக்குப் பிறகும் ஆறு எட்டு வாரம். காவலுக்கு அதுவரை வேறு ஏற்பாடு பாருங்கள். வயிறு நீர் கோத்து, மூச்சு முட்டுகிற நிலைக்கு வந்துவிட்ட நாயை மீட்பது கஷ்டம். இருமல் தெரிந்தவுடனே காட்டுவதுதான் நல்லது.

கட்டி வைக்கிற இடம் கட்டுத்தரை ஓரமாக, சாக்கடைப் பக்கம் இல்லாமல் இருக்கட்டும். குளுதாடியையும் சிமெண்டுத் தொட்டியையும் வாரம் ஒருநாள் கவிழ்த்துத் தேய்த்துக் காயவிட்டால் கொசுப்புழு கொசுவாக மாற நேரமிருக்காது. சாயங்காலம் வேப்பிலைப் புகை போடலாம், ஆனால் இருமுகிற நாய்க்குப் பக்கத்தில் வேண்டாம்.

முதலில் உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள். பெரிய பரிசோதனைக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினால் போகத் தயங்க வேண்டாம். முன்னால் எடுத்த இரத்தப் பரிசோதனைச் சீட்டையும், ஏதாவது ஊசி போட்டிருந்தால் அந்த மருந்துப் புட்டியையும் கையில் கொண்டுபோங்கள். நாயை நடத்திக் கூட்டிப்போகாதீர்கள், வண்டியில் ஏற்றிப் போங்கள்.