நீரிழிவும் கண்ணும்
(சங்கத்தின் வருஷாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



கல்வி நிதியையும் கலியாண மண்டபத்தையும் பற்றிப் பேசுவதே வழக்கமாயுள்ள இம்மேடையில் நாம் கண்ணைப் பற்றிப் பேசப் புகுவது சிலருக்கு விந்தையாய்த் தோன்றலாம். ஆயினும் இப்பந்தலில் அமர்ந்திருக்கும் குடும்பங்களுள் நீரிழிவு புகாத குடும்பங்கள் எத்தனை என்று ஒவ்வொருவரும் தம் மனத்துள் எண்ணிப் பார்ப்பாராயின் அவ்விந்தை தானே நீங்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் 2023 ஆம் வருஷம் வெளியிட்ட ஆய்வு, இத்தேசத்தில் 10 கோடிக்கு மேற்பட்டோர் இவ்வியாதி உடையவர் என்று கணக்கிட்டிருக்கிறது.

இவ்வியாதி கண்ணைக் கெடுக்கும் விதம் மிகவும் வஞ்சகமானது. விழியின் பின்புறத்தே அமைந்துள்ள விழித்திரையில் மயிரினும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் மிகுந்திருப்பின் அக்குழாய்கள் நலிந்து, புடைத்து, நீர் கசிந்து, முடிவில் இரத்தத்தையும் பெருக்கிவிடும். ஆனால் ஆரம்பத்தில் வலியில்லை; மங்கலுமில்லை. பஞ்சாங்கத்தின் சிற்றெழுத்தைத் தடையின்றிப் படிப்பவருக்கும் உள்ளே கேடு நடந்துகொண்டிருக்கலாம். பார்வை குன்றிய பின்னரோ, "புரை விழுந்திருக்கிறது, முற்றட்டும், அறுத்துக்கொள்ளலாம்" என்று நாம் காலம் போக்குகிறோம். புரையால் மறைந்த பார்வை சத்திர சிகிச்சையால் மீளும். விழித்திரை கெட்டதனால் போன பார்வை பெரும்பாலும் மீள்வதில்லை. முன்னரே கண்டுகொண்டால் லேசர் ஒளியாலும், கண்ணுள் இடும் ஊசி மருந்தாலும், சர்க்கரையை அடக்குவதாலும் காத்துக்கொள்ள வழியுண்டு. ஆகவே பார்வை நன்றாயிருக்கும்போதே வருஷத்துக்கு ஒரு முறை விழித்திரையைச் சோதிக்க வேண்டும் என்கிறார்கள் வைத்தியர்கள். நன்றாயிருக்கும் கண்ணை யார் கொண்டுபோய்க் காட்டுவார்? வருத்தமெல்லாம் இங்கேதான் இருக்கிறது.

உயிருள்ள மனிதனின் விழித்திரையை வைத்தியர் கண்டறியும் கருவியை ஜெர்மானியராகிய ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851 இல் வெளியிட்டார். அக்கருவியைக் கையாள நிபுணர் அருகில் இருந்தாக வேண்டும். இன்றோ பழகிய ஓர் ஊழியர் விழித்திரையைப் படமெடுத்துக் கணினி வழியாய் எத்தனை தூரத்திலுள்ள நிபுணருக்கும் அனுப்பிவிடலாம். டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்கள் உத்தியோகத்தினின்று ஓய்வு பெற்றபின் 1976 இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த கண் வைத்தியசாலை இவ்வழியில் முன்னின்றது. 2006 ஆம் ஆண்டளவிலேயே, அதன் தேனிக் கிளை, அமெரிக்காவின் பெர்க்லி சர்வகலாசாலையாரின் உதவியால் சுற்றுக் கிராமங்களிலுள்ள கண் நிலையங்களுடன் கம்பியில்லாத் தொடர்பு கொண்டிருந்தது.

பிறகு படத்தைப் பார்க்கும் வேலையையும் யந்திரத்துக்கே கற்பிக்கலாயினர். கூகுள் கம்பெனியார் 2016 இல் வெளியிட்ட ஆய்வில், பாலனுக்கு அரிச்சுவடி பயிற்றுவதுபோல், 1,28,175 விழித்திரைப் படங்களைக் கணினிக்குக் காட்டினார்கள். ஒவ்வொரு படத்தையும் 54 கண் வைத்தியர்களுள் மூவர் முதல் எழுவர் வரை முன்னதாக மதிப்பிட்டிருந்தனர். அப்படங்களில் நம் மதுரை, சென்னை வைத்தியசாலைகளிலிருந்து சென்றவையும் உண்டு. பாடம் முடிந்த யந்திரம் நோயைக் கண்டறிவதில் தேர்ந்த வைத்தியர்க்கு நிகராய் நின்றது. வைத்தியர் படத்தைப் பாராமலே முடிவு கூறும் வேறொரு யந்திரத்துக்கு அமெரிக்க அரசாங்கம் 2018 இல் அனுமதியும் அளித்தது.

இனி எல்லாம் யந்திரமே பார்த்துக்கொள்ளும் என்று மகிழ்பவர்க்குத் தாய்லாந்து தேசத்தின் அனுபவத்தைச் சொல்ல விரும்புகிறோம். அங்கே 11 சுகாதார நிலையங்களில் கூகுளாரின் யந்திரத்தை வைத்துப் பார்த்ததன் விவரம் 2020 இல் வெளியாயிற்று. ஆரம்ப மாதங்களில் செலுத்திய 1,838 படங்களில் ஐந்திலொரு பங்குக்கு மேற்பட்டவற்றை, தெளிவு போதாதென்று யந்திரம் தள்ளிவிட்டது. படமெடுக்க இருட்டறை வேண்டும். பல நிலையங்களில் அது இல்லை. கம்பித் தொடர்பும் சில சமயம் தளர்ந்தது. இவற்றினும் முக்கியம் ஒன்றுண்டு: "தூரத்து வைத்தியசாலைக்குப் போ" என்று யந்திரம் சொன்னால் ஏழை நோயாளி எவ்விதம் போவான் என்று அஞ்சிய தாதியர் சிலர், சோதனையில் சேர வேண்டாமென்றே தடுத்தார்களாம். அத்தாதியரை நாம் குறை கூறமாட்டோம். வழிச்செலவின் பாரத்தை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

நமது சங்கத்துக்குரிய வேலை இவ்விடத்திலேயே இருக்கிறது. மண்டபத்தில் ஒரு நாள் கண் சோதனை வைத்துப் புகைப்படமெடுத்து மாலையிட்டுக் கலைவதால் ஆவது சிறிதே. கதவுகளுக்குக் கனத்த திரையிட்டு ஓர் அறையை இருட்டாக்கித் தரவேண்டும். பாவையை விரிக்கும் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கண் கூசும். ஆதலால் ஒவ்வொருவரும் துணையோடு வரவேண்டும். மேற்சிகிச்சைக்குப் போகும்படி சொல்லப்பட்டவரின் பெயரை எழுதி வைத்து, பஸ் கட்டணமும் உடன்செல்ல ஓர் இளைஞரும் கொடுத்து, போய் வந்தாரா என்று விசாரிக்கும் வரையில் காரியம் முடிந்ததாகாது. முக்கியமாக நம் தாய்மார் விஷயத்தில் கவனம் வேண்டும். "நான் போனால் உலை வைப்பது யார்?" என்று அவர்கள் கேட்கும் கேள்விக்கு வீட்டு ஆண்மக்களே விடை தர வேண்டும். நீரிழிவுள்ள பெண் கருவுற்றால் வருஷ முறைக்குக் காத்திராமல் உடனே காட்ட வேண்டும்.

ஏற்கெனவே பார்வை இழந்தோரை நம் கூட்டங்களில் இரக்கத்துக்கு மட்டும் உரியவராய் எண்ணும் வழக்கத்தையும் விடவேண்டும். அச்செழுத்தை வாய்விட்டுப் படிக்கும் யந்திரத்தை அமெரிக்கரான கர்ஸ்வைல் 1976 இல் வெளியிட்டபோது அது ஒரு மேசையை அடைத்துக்கொள்வதாயிருந்தது. இன்று அவ்வேலையைக் கைப்பேசியே செய்கிறது. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்னும் பார்வையற்றவர் 2006 இல் செய்யத் தொடங்கிய என்விடிஏ என்னும் திரைவாசிப்பான், கணினித் திரையிலுள்ள எழுத்தைத் தமிழிலும் படித்துக் காட்டுகிறது, அதற்கு விலையுமில்லை. ஆனால் ஒருங்குறியில் அடித்த எழுத்தையே அது செம்மையாய்ப் படிக்கும். ஏட்டைப் படமாய்ப் பிடித்து அனுப்பினால் அதற்கு அது வெற்றுத் தாளே. சங்கத்தின் உபகாரச் சம்பள விண்ணப்பமும் மாதப் பத்திரிகையும் ஒருங்குறி எழுத்தாகவே அனுப்பப்படுமாயின், பார்வையற்ற மாணவர் பிறர் தயவை வேண்டாது தாமே படித்துத் தாமே விண்ணப்பிக்கலாம்.

இவ்விரண்டையும் அடுத்த காரியக் கமிட்டியின் முன் தீர்மானமாய் வைக்க எண்ணியிருக்கிறோம். துணைக்குச் செல்ல இசையும் இளைஞர்கள் இன்றே தம் பெயரைக் காரியதரிசியிடம் பதிந்து செல்லுமாறு வேண்டுகிறோம்.