மலைப்பாதைக்கு ஏற்ற பரீட்சை வேண்டும்!

(பொகவந்தலாவையில் தோட்டத் தொழிலாளரும், மரக்கறிச் செய்கையாளரும், ஆசிரியரும், அரசாங்க ஊழியரும் கூடியிருந்த கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்.)



சாரதி அனுமதிப்பத்திரத்தைப் பற்றி அரசியல் மேடையிலே பேசுவதா என்று உங்களிற் சிலர் வியக்கக்கூடும். காணி, வீடு, சம்பளம், மொழி என்று பேசவேண்டியவை குவிந்து கிடக்க, வண்டி ஓட்டும் பரீட்சை எங்கிருந்து வந்தது என்று கேட்கக்கூடும். உயிர் இருந்தாலன்றோ உரிமை? அண்மைய ஆண்டுகளில் இலங்கையின் வீதிகளிலே ஆண்டொன்றுக்கு 2,000 பேருக்கு மேல் மடிந்துள்ளனர். 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் வீதி விபத்துகளால் இறந்தனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. வீதியில் யார் வண்டி ஓட்டலாம் என்று தீர்மானிப்பது அரசாங்கம். அரசாங்கம் தீர்மானிக்கும் எதுவும் அரசியலே. ஆகவே அதைப் பற்றிப் பேச இந்த மேடை தகுந்த மேடைதான்.

சட்டம் கேட்பது என்ன?

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டமே இந்நாட்டில் சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு அடிப்படை. மருத்துவச் சான்றிதழ் பெறவேண்டும். எழுத்துப் பரீட்சை எழுதவேண்டும். பயிலுநர் அனுமதிப்பத்திரத்துடன் பழகவேண்டும். பின்னர் செயன்முறைப் பரீட்சையிலே ஓட்டிக்காட்டவேண்டும். எழுத்துப் பரீட்சையில் 40 வினாக்கள்; அவற்றுள் 30க்குச் சரியாக விடையளித்தாற் போதும். பிரித்தானியாவிலோ 50 வினாக்களில் 43 சரியாக இருத்தல் வேண்டும். எதிரே தோன்றும் ஆபத்தை முன்கூட்டியே கண்டறியும் திறனை அங்கே 2002ஆம் ஆண்டு முதல் தனியாகச் சோதிக்கிறார்கள். செயன்முறைப் பரீட்சை ஏறத்தாழ 40 நிமிடம் பொதுவீதியிலே நடக்கிறது.

நமது பரீட்சையும் வெளிநாட்டைப்போற் கடினமாக வேண்டும் என்று மட்டும் கேட்பதற்கு நான் வரவில்லை. பத்துப் பேரில் எத்தனை பேரை விழுத்துகிறது என்பதைக் கொண்டு ஒரு பரீட்சையின் தரத்தை அளத்தல் தவறு. ஓட்டப்போகும் வீதிக்கு வேண்டிய அறிவை அது கேட்கிறதா என்பதே சரியான அளவுகோல். அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், நம் மலைநாட்டைப் பொறுத்தவரை இப்பரீட்சை போதாது என்பதே என் துணிபு.

கடலோரத்துச் சமவெளியிலே பரீட்சை கொடுத்தவருக்கும் கிடைப்பது அதே பத்திரம். மலையிலே கொடுத்தவருக்கும் அதே பத்திரம். அந்தப் பத்திரத்தோடு ஒருவர் நாற்பது, ஐம்பது உயிர்களை ஏற்றிக்கொண்டு இறம்பொடை இறக்கத்தில் இறங்கலாம். பொகவந்தலாவையிலிருந்து பலாங்கொடைக்குப் போகும் வளைவுகளிலே செல்லலாம். அதற்குமுன் நீண்ட இறக்கமொன்றை ஒருமுறையேனும் இறங்கிக் காட்டியிருக்கவேண்டும் என்ற நிபந்தனை இல்லை.

இறக்கம் என்னும் ஆசிரியன்

மலைவீதியில் ஏறுவது இயந்திரத்துக்குச் சோதனை. இறங்குவது சாரதிக்குச் சோதனை. நெடுந்தூர இறக்கத்தில் பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறுகிறது. சூடேறியபின் பிடிமானம் குறைகிறது. மிதித்தாலும் வண்டி நிற்பதில்லை. காற்றழுத்தப் பிரேக் உள்ள வண்டியில் மீண்டும் மீண்டும் மிதித்தால் சேமித்த காற்றும் குறைந்துபோகும். தாழ்ந்த கியரில் இட்டு இயந்திரமே வண்டியை இழுத்துப்பிடிக்கச் செய்வதுதான் இதற்கு மருந்து. "ஏறிய கியரிலேயே இறங்கு" என்பது பழைய சாரதிகளின் வாய்ச்சொல். எரிபொருளை மிச்சப்படுத்த நினைத்து நியூட்ரலில் விட்டு இறங்குகிறவன், நாலு காசுக்காக அந்த இயந்திரத்தின் பிடியையே கைவிடுகிறான்.

வண்டிகள் விலக இடமில்லாத மலைவீதியில் இறங்கி வருகிறவர் ஒதுங்கி, ஏறி வருகிறவருக்கு வழிவிடவேண்டும் என்பது 1968ஆம் ஆண்டு வியன்னா வீதிப் போக்குவரத்து உடன்படிக்கை கூறும் நெறி. இந்தியாவின் 1989ஆம் ஆண்டு வீதி ஒழுங்குவிதிகளும் அதையே கூறின. நுவரெலியாவின் மூடுபனியை அறியாதவர், முன்னே ஒன்றும் தெரியாதபோது பெருவிளக்கைப் போடுகிறார். அந்த வெளிச்சம் பனியிலே பட்டுத் தம் கண்ணையே மறைக்கிறது என்பதை அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்? இவையெல்லாம் அனுபவத்தால் வரும் என்பர் சிலர். வரும். ஆனால் அந்த அனுபவத்துக்குக் கட்டணம் செலுத்துவது யார்? பின்னிருக்கையில் உறங்கிக்கொண்டு வரும் பயணி அல்லவா?

யார் புதிய சாரதி?

2023ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் தேதி நானுஓயா ரதல்ல குறுக்குவீதியிலே, பாடசாலை மாணவரை ஏற்றிவந்த பேருந்து வேன் ஒன்றுடனும் முச்சக்கரவண்டியுடனும் மோதியது. வேனில் வந்த ஆறு பேரும் முச்சக்கரவண்டிச் சாரதியும் மாண்டனர். 2025ஆம் ஆண்டு மே 11ஆம் தேதி, கதிர்காமத்திலிருந்து குருணாகல் நோக்கிச் சென்ற பேருந்து கொத்மலை கெரண்டி எல்லையிலே பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே ஆண்டு செப்டெம்பர் 4ஆம் தேதி, எல்ல–வெல்லவாய வீதியிலே தங்காலையிலிருந்து வந்தோரின் பேருந்து பள்ளத்தில் வீழ்ந்து பதினைந்து பேர் மாண்டனர்.

இவற்றுள் எது யாருடைய பிழை என்று தீர்ப்புக் கூற இம்மேடை நீதிமன்றமன்று. பேருந்து ஓட்டியவர்கள் நேற்றுப் பத்திரம் பெற்றவர்கள் அல்லரே, புதிய சாரதிகளுக்கான பரீட்சையை இறுக்கி என்ன பயன் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். என் மறுமொழி இது: இருபது ஆண்டு சமவெளியில் ஓட்டியவரும், முதன்முறை இந்த மலைக்கு வரும்போது புதிய சாரதியே. கனரக வாகனம் ஓட்டத் தனி வகுப்பு, தனித் தகுதி என்று சட்டம் வகுத்திருக்கிறது. வண்டியின் பாரத்தைப் பார்த்த சட்டம், வீதியின் சரிவைப் பார்க்க மறந்துவிட்டது.

இதற்கு வழியில்லாமல் இல்லை. இந்தியாவின் உத்தரகண்ட் மாநிலத்திலே, மலைப்பாதையில் வாடகை வாகனம் ஓட்டுவோர் தம் உரிமத்திலே மலையில் ஓட்டும் தகுதிக்கான தனிக் குறிப்பைப் பெறவேண்டும். இமயத்தின் அடிவாரத்தில் இயல்வது இலங்கையின் மத்திய மலைநாட்டிலே இயலாதா? மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ் ஒழுங்குவிதி ஆக்கும் அதிகாரம் அமைச்சருக்கு உண்டு. அரசியலமைப்பை மாற்றவேண்டியதில்லை, மனம் இருந்தாற் போதும்.

இளைஞர் வயிற்றில் அடிப்பதா?

இன்னொரு குரலும் எழுகிறது. "தோட்டத்தில் வேலை குறைந்துவருகிறது. எங்கள் பிள்ளை கடன்பட்டு முச்சக்கரவண்டி வாங்கியிருக்கிறான். பரீட்சையைக் கடினமாக்கினால் அவன் கதி என்ன, ஐயா?" என்று தாய்மார் கேட்கின்றனர். இக்கேள்வியை அலட்சியம் செய்பவன் மக்கள் ஊழியன் ஆகான். கொழுந்து ஏற்றும் லொறியும், தம்புள்ளைச் சந்தைக்கு லீக்ஸும் கோவாவும் கரட்டும் கொண்டுபோகும் லொறியும் ஓடாவிட்டால் நம் அடுப்பு எரியாது என்பதை நான் அறிவேன்.

ஆனால் அந்தத் தாயிடம் நான் கேட்பது ஒன்றுண்டு. பரீட்சகர் கண்ணை மூடிக்கொண்டு உங்கள் மகனைத் தேர்ச்சியடையச் செய்தால், அது அவனுக்குச் செய்த உதவியா? பனி மூடிய வளைவு கண்ணை மூடிக்கொள்ளாதே! கற்பிப்பதிலே கருணையும் சோதிப்பதிலே கண்டிப்பும் வேண்டும். ஏழைக்குப் பயிற்சியை மலிவாக்குங்கள். பயிற்சி நிலையத்தை அவன் ஊருக்கு அருகே கொண்டுவாருங்கள். ஒருமுறை தவறினால் விரைவிலே மறுமுறை தோற்ற இடங்கொடுங்கள். அளவுகோலை மட்டும் குறைக்காதீர்கள்.

தரகருக்குப் பணம் கொடுத்தால் காரியம் முடியும் என்ற பேச்சு நாடெங்கும் உலவுகிறது. அவ்வழியே பத்திரம் வாங்குவோர் நம்மிலும் இருப்பின், நாம் அதை மறைக்கலாகாது. விலைக்கு வாங்கிய பத்திரத்தோடு ஓட்டுகிறவன் மோதுவது பெரும்பாலும் நம் வீதியிலே நடந்துபோகும் நம் பிள்ளையைத்தான்.

நம் மொழியிலே கேளுங்கள்

கண்டிப்பு நீதியாக இருக்கவேண்டுமானால் வினா விளங்கவேண்டும். 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988ஆம் ஆண்டின் 16ஆம் திருத்தம் நிர்வாகத்தில் அதன் இடத்தை வகுத்தது. 1999ஆம் ஆண்டு நம் நுவரெலியா மாவட்டத்துப் பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனம் பெற்றன. எழுத்துப் பரீட்சையைத் தமிழிலே எழுதலாம். நன்று. ஆயின் வண்டியிலே பக்கத்தில் அமர்ந்து கட்டளையிடும் பரீட்சகர் தமிழ் அறியாதவராயின், இளைஞன் வலப்பக்கம் திரும்பாமல் விட்டது வண்டியோட்டத் தெரியாமலா, சொன்னது விளங்காமலா? அவன் திறமையை அளக்க வந்த பரீட்சை அவன் மொழியை அளந்து அனுப்பிவிடுகிறது. அதற்கு அஞ்சியே சிலர் தரகரைத் தேடுகின்றனர். மொழியுரிமை மறுக்கப்படும் இடத்திலே ஊழல் குடிபுகும்.

நாம் கேட்பவை

ஆகவே நாம் முன்வைக்கும் கோரிக்கைகள் ஐந்து.

ஒன்று: எழுத்துப் பரீட்சையிலே மலைவீதி பற்றிய வினாக்கள் கட்டாயமாகவேண்டும், ஏனைய வினாக்களின் புள்ளி இவற்றின் தவறை மூடலாகாது.

இரண்டு: பயணிகளையோ பெரும்பாரத்தையோ ஏற்றி மலைநாட்டிலே ஓட்டுவோர், உண்மையான ஏற்ற இறக்கத்திலே ஓட்டிக்காட்டிப் பத்திரத்தில் தனிக் குறிப்புப் பெறவேண்டும்.

மூன்று: பத்திரம் பெற்ற முதல் இரண்டு ஆண்டுகள் நன்னடத்தைக் காலமாகவேண்டும். பிரித்தானியாவின் 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி, அக்காலத்தில் ஆறு தண்டப்புள்ளி பெறும் புதிய சாரதி உரிமத்தை இழந்து மீண்டும் பரீட்சைக்குத் தோற்றவேண்டும். அத்தகைய விதி இங்கும் வேண்டும்.

நான்கு: தமிழ் அறிந்த பரீட்சகர் மலையகத்திலே நியமிக்கப்படவேண்டும்.

ஐந்து: ஹட்டன், பொகவந்தலாவை, மஸ்கெலியா போன்ற இடங்களிலே குறைந்த கட்டணப் பயிற்சிக்கு ஏற்பாடு வேண்டும்.

பாதுகாப்பு வேலியில்லாத வளைவையும் தேய்ந்துபோன டயரையும் பரீட்சை திருத்திவிடாது. அவற்றுக்கும் அரசாங்கம் பதில் சொல்லியே ஆகவேண்டும். சாரதி மீது பழியைச் சுமத்திவிட்டு வீதி அதிகாரிகள் தப்பிக்க நாம் இடங்கொடோம். அதேபோல, வீதியைக் காரணங்காட்டிப் பயிற்சியற்ற கையிலே திசைமாற்றியைக் கொடுக்கவும் சம்மதியோம்.

இக்கோரிக்கைகளைத் தாங்கிய மனு இம்மேடையருகே இருக்கிறது. தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்பட்டிருக்கிறது. கதிர்காமப் பயணிக்கும் தங்காலைப் பயணிக்கும் நேர்ந்ததே நமக்கும் நேர்கிறது என்பதால் சிங்கள மக்களின் கையொப்பத்தையும் கேட்போம். சாரதிகளே முதலில் ஒப்பமிடவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். மனு மோட்டார் போக்குவரத்து ஆணையாளர் நாயகத்துக்கும் அமைச்சருக்கும் போய்ச்சேரும். மறுமொழி வரும்வரை நாம் கேட்டுக்கொண்டே இருப்போம்.